ஓரடி கழித்து

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்று எழுத வேண்டிய கட்டாயம் உனக்கு வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. கட்டிட விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நாம் பேசினால் மூன்றாவது வாக்கியத்துக்குள் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். இது நான்காவது தாள்.

அப்பாவின் ஆபீஸ் கட்டிடத்தை வாங்க ஆள் வந்திருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் தரகர் பத்தொன்பது பேரைக் கூட்டி வந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஒரு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் என்பார். வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி. வாசலில் நின்றபடியே, "வாடகைக்கு விட்டா மாசம் எவ்வளவு வரும்?" என்பார்கள். மாடிப்படியில் கால் வைத்தவர் ஒருவர்கூட இல்லை.

இவர் வேறு. சிறுநீரக டாக்டர். டயாலிசிஸ் மையம் நடத்துகிறார். வாடகைக்கு விட அல்ல, தானே வந்து உட்கார வாங்குகிறார். முதல் நாள் வந்தவர் முதல் மாடி ஹாலுக்குப் போய், கைப்பையைத் தலைக்கு வைத்து, அந்தத் தூசித் தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மயக்கமோ என்று குனிந்தால், "ஒண்ணுமில்லைங்க. பேஷண்ட் நாலு மணி நேரம் இப்படித்தான் படுத்திருக்கணும். அவங்க கண்ணுல என்ன படுதுன்னு பாக்குறேன்" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த டியூப் லைட்டை மாத்தணும், கண்ணுல குத்துது" என்றார். இருபத்திரண்டு வருடம் அந்த ஹாலில் வேலை பார்த்தேன். மேலே ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

லிஃப்டுக்குள் நின்று இரண்டு கையையும் விரித்து, ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார். வெயில் எந்தப் பக்கம் இறங்கும் என்று கேட்டார். வாடகை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இப்போது உன்னால் ஆக வேண்டியது இரண்டு. ஒன்று, பாதி உன் பெயரில் இருப்பதால் பத்திரத்தில் கையெழுத்து. மார்ச் 28 பதிவு. இரண்டாவது, அளவு வரைபடம். டாக்டருடைய எஞ்சினியர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க அப்பா ஆபீஸ் அளவுன்னா நாங்க திரும்ப நாடா பிடிக்கவே மாட்டோம். அந்த ஆபீஸ் சீல் இருந்தா போதும்." ஊர்க் கட்டிடத்தையெல்லாம் அளந்து கொடுத்த நமக்கு நம் கட்டிடத்தின் வரைபடம் இல்லை. இருந்ததைக் கரையான் தின்றது போக மிச்சம் மூலையில் நம் முகவரி மட்டும்தான். சர்வே லைசென்ஸ் உன் ஒருவன் பெயரில் இருப்பதால் நீதான் வரைந்து சீல் வைக்க வேண்டும்.

அளவெல்லாம் நானே எடுத்துவிட்டேன். தனியாக, ஒன்பது நாள். அப்பாவின் அதே தலை போன நாடாதான். பிடிக்க ஆள் இல்லாததால் முனையை ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்து இழுத்தேன். நீளமாக இழுத்தால் செங்கல் நழுவியது. அதனால் ஒவ்வொரு ஹாலையும் தூணுக்குத் தூண் ஆறு துண்டாக அளந்து எழுதியிருக்கிறேன். நோட்டை இதோடு அனுப்புகிறேன்.

நான்காவது மாடி அறையில் இன்னும் ஒரு வருடம் நான் இருந்துகொள்ளலாம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் நோட்டும் கிடைத்தன. வரைபடம் மூன்று பிரதி, சீலோடு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துக்கு நேரில் வருகிறேன். கடையில் இரண்டு நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதிய அளவுகளை அப்படியே போட்டிருக்கிறேன். ஒன்றையும் மாற்றவில்லை. நாம் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

கண்ணாடி வெட்டும் கடையில் வேலை பரவாயில்லை. இங்கே ஒரு நூல் தவறினாலும் ஜன்னல் சட்டத்துக்குள் கண்ணாடி நுழையாது. அதனால் ஒழுங்காக அளக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் 'நீங்கள்' ஆனேன்? உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான். இந்த மரியாதையை வேறு யாருக்காவது எடுத்து வை.

வரைபடம் நன்றாக இருக்கிறது. கோடு அப்பாவுடையதைப் போலவே ஒல்லியாக விழுந்திருக்கிறது. எஞ்சினியர் வாங்கிப் பார்த்துவிட்டு, சீலை விரலால் ஒரு தரம் தடவினார். அளக்கவில்லை. சொன்னபடியே அளக்கவில்லை.

டாக்டர் அந்த வரைபடத்தை வைத்துப் படுக்கை பிரித்துவிட்டார். ஒரு படுக்கைக்கும் அதன் மெஷினுக்கும் நர்ஸ் நடமாடவும் சேர்த்துப் பத்தடி வேண்டுமாம். ஹால் நீளம் எண்பத்து மூன்று. எட்டுப் படுக்கைக்கு எண்பது, ஓரத்தில் நடக்க மூன்று. ஒரு விரற்கடை வீணில்லை. மூன்று மாடிக்கு இருபத்து நான்கு. இப்போது இருக்கும் வாடகை இடத்தில் இருபத்தொன்றுதான். அந்த வீட்டுக்காரர் இதற்கு மேல் போடவிட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டாராம். இந்த மூன்று படுக்கைக்காகத்தான் கடன் வாங்கிக் கட்டிடம் வாங்குகிறார். ஏப்ரல் கடைசியில் காலி செய்கிறேன் என்று அங்கே எழுதியும் கொடுத்துவிட்டார்.

மூன்று படுக்கைக்கா இவ்வளவு என்று நானும் நினைத்தேன். ஒரு படுக்கையில் ஒரு நாளைக்கு மூன்று பேர். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதால் ஆறு பேர். மூன்று படுக்கைக்குப் பதினெட்டு பேர். அந்தப் பதினெட்டு பேரும் இப்போது பக்கத்து ஊருக்குப் பஸ் பிடித்துப் போய் வருகிறார்கள். திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வருவார்களாம். டாக்டர் என் எதிரிலேயே ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "மே ஒண்ணாந்தேதியிலிருந்து இங்கேயே வந்துடுங்க" என்றார். ஒரு தையல்கார அம்மா அந்தப் பக்கம் அழுதது எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. காலிக் கட்டிடத்தைக் காவல் காத்ததற்கு ஒரு அர்த்தம் வந்ததே என்று.

அது கிடக்கட்டும். 'ஒரே வீட்டுப் பிள்ளைகள்' என்று எழுதியிருக்கிறாயே, அதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறேன், விழுங்க முடியவில்லை. என்ன குத்தல் அது?

நான் உன்னைப் போல என்ன செய்தேன்? பள்ளி ஆசிரியர் மனையைப் போய்ப் பார்க்காமலே, ஆபீஸில் உட்கார்ந்தபடி பழைய தாளைப் பார்த்து அளவு எழுதி சீல் வைத்தவன் நீ. அவர் சுவர் பக்கத்து மனைக்குள் இரண்டடி ஏறியது. கட்டிய சுவரை இடித்தார்கள். அந்த மனுஷன் நம் வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை. பொய் சொன்ன சீலை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு அளந்து கொடுக்க என்னால் முடியாது என்று ஆபீஸை மூடினேன். ஊரில் எல்லோரும் அப்பா போனதால் மூடினோம் என்று நினைக்கிறார்கள். ஆபீஸில் வேலை பார்த்த பதினொரு பேரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ அன்றைக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

நீ கேட்டதால் எழுதுகிறேன். ஐந்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நாடாவின் தலை எப்படிப் போனது என்று ஞாபகம் இருக்கிறதா? ரோடு ஓரத்தில் அளக்கும்போது லாரி ஏறி முதல் அடி நசுங்கிவிட்டது. அப்பா அந்த ஒரு அடியைக் கத்தரியால் வெட்டி எறிந்தார். புதிதாக ஒன்று வாங்கலாமே என்றதற்கு, "நாடா நல்லாத்தான் இருக்கு. நாமதான் ஞாபகம் வச்சுக்கணும்" என்றார். வெட்டிய முனையிலேயே எண் ஒன்றில் ஆரம்பிப்பதால், அந்த நாடா எதை அளந்தாலும் ஒரு அடி கூடுதலாகத்தான் சொல்லும். அதனால்தான் முனையைப் பிடிப்பவன் ஒவ்வொரு தரமும் "ஒண்ணு போச்சு" என்று கத்த வேண்டும், அந்தப் பக்கம் படிப்பவர் கழித்துவிட்டு எழுத வேண்டும் என்று வைத்தார். பதினாறு வயதிலிருந்து முனையைப் பிடித்தவன் நான். எழுதினவள் நீ. நம் நோட்டில் ஏறிய எண் எப்போதுமே கழித்த எண்தான்.

முதல் மாடி ஹாலில் இரண்டாவது தூணுக்கும் மூன்றாவது தூணுக்கும் நடுவில் அப்பாவின் வரைபட மேசை கிடந்தது. மேசை நீளம் பன்னிரண்டு அடி. இரண்டு பக்கமும் தூணைத் தொட்டுக்கொண்டு நிற்கும், நடுவில் தாள் நுழையாது. உன் நோட்டில் அந்த இடம் பதின்மூன்று என்று இருக்கிறது.

எல்லா இடமும் பதின்மூன்று. அப்படி ஆறு துண்டும், நடுவில் நிற்கும் ஓரடித் தூண் ஐந்தும் சேர்ந்துதான் எண்பத்து மூன்று. அக்கா, உனக்கு ஒண்ணு போச்சு என்று சொல்ல ஆள் இல்லை. செங்கல் சொல்லாது.

ஆறு துண்டாக அளந்ததில் ஒவ்வொரு ஹாலிலும் ஆறு அடி ஏறியிருக்கிறது. நிஜமான நீளம் எழுபத்தேழு. எட்டுப் படுக்கை வராது. ஏழுதான் வரும்.

இது இன்றைக்குத் தெரிந்தது இல்லை. வரையும்போதே தெரியும். முதல் எண்ணைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மேசையை மறப்பேனா? பிறகு என்ன நினைத்தேன் தெரியுமா? நீ தெரிந்தேதான் கழிக்காமல் விட்டிருக்கிறாய், சதுரடிக்கு விலை பேசுவதால் கூட்டி எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. பதினொரு பேர் முன்னால் வைத்து, "இனிமே நாடாவைத் தொட்டே கையை ஒடிச்சுருவேன்" என்று என்னைச் சொன்ன அக்கா, கடைசியில் நான் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். அந்தச் சந்தோஷத்தில் சீலை அழுத்தி வைத்தேன்.

என்ன குத்தல் அது என்று நீ கேட்டிருப்பதைப் படித்த பிறகுதான் புரிந்தது. உனக்குத் தெரியவே தெரியாது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இருபத்தெட்டாம் தேதி பதிவு. அதற்குள் யாரும் அளக்கப் போவதில்லை. வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நானும் எழுதவில்லை, நீயும் படிக்கவில்லை.

தம்பி


மார்ச் 10

கிழிக்கவில்லை. உன் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன், தாள் தீர்ந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்ததும் செருப்புகூடப் போடாமல் முதல் மாடிக்கு இறங்கினேன். தரையில் மேசைக் கால் நின்ற தடம் நான்கும் அப்படியே இருக்கிறது. அதன்மேல்தான் நாடாவைப் போட்டு இழுத்திருக்கிறேன். ஒன்பது நாள் அதை மிதித்துக்கொண்டே போய் வந்திருக்கிறேன். மண்டையில் உறைக்கவில்லை. வாய்விட்டு எண்ணைப் படித்தேன், எழுதினேன், படித்தேன், எழுதினேன். நடுவில் ஒரு குரல் வர வேண்டும் என்பதே மறந்துபோயிருக்கிறது. நீ கூட இருந்திருந்தால் ஹாலுக்கு ஒரே இழுவை. மறந்தாலும் ஒரு அடியோடு போயிருக்கும்.

அது என் தப்பு. அதில் உனக்குப் பங்கு இல்லை. ஆனால் உன் தப்பு வேறு. நான் திருடி என்று மூன்று வாரம் நம்பியிருக்கிறாய். நம்பினாய் என்பதுகூடப் போகட்டும். சந்தோஷப்பட்டிருக்கிறாய். தூக்கம் வந்ததாம். அதை என்னிடமே எழுதவும் செய்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தரம் அவர் மையத்து வாசல் வரை போனேன். முதல் தரம், உள்ளே ஒரு ஆளுக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள், பிறகு வரலாம் என்று திரும்பினேன். இரண்டாம் தரம் அந்தச் சாக்கும் இல்லை. டாக்டரே வெளியே வந்து, "வாங்க, வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கிழித்துப் போடு என்று நீ எழுதியது என் கண்ணை விட்டுப் போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன். இந்த மாடியில் தனியாக மூன்று வருடம், தம்பி. பைப் ஒழுகினால் நான், மின்சார ஆள் வந்தால் நான், பூட்டை உடைக்கப் பார்த்தவனை மேலேயிருந்து கத்தி விரட்டியதும் நான். இருபத்தெட்டாம் தேதியோடு விடிந்துவிடும் என்று இருந்தேன்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். நீ எழுதியது சரிதான் போலிருக்கிறது.


மார்ச் 14

அக்கா,

போய்ச் சொல்லிவிடு. நான் செய்ததாகச் சொல். சீலில் இருப்பது என் பெயர். வரைந்தவன் நான், தெரிந்தும் வைத்தவன் நான். நீ சரியாகத்தான் அளந்து கொடுத்தாய், தம்பி வரைந்ததில் கோளாறு என்று சொன்னால் டாக்டர் உன்னை நம்புவார். ஏற்கெனவே ஒன்று செய்தவன்தான், இன்னொன்றும் என் தலையில் ஏறட்டும். எனக்கு அங்கே காப்பாற்ற வேண்டிய பெயர் எதுவும் இல்லை.

இதை வீராப்பில் எழுதவில்லை. பள்ளி ஆசிரியர் வாசலில் வந்து நின்ற அன்று நான் உள்ளே வரைபட அறையில் இருந்தேன். உனக்குத் தெரியாது. கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து நான்தான் என்று சொல்லக் கால் வரவில்லை. அதைச் சொல்லாததால்தான் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்படியே மூன்று வருடம் ஆகிவிட்டது.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உன் தலையில் எதையும் ஏற்றவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

டாக்டரைக் கட்டிடத்துக்கே வரச் சொன்னேன். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே டேபிள், எங்கே சிங்க் என்று காட்டிக்கொண்டே வந்தார். முதல் மாடியில் நிறுத்தி, நாடாவைக் கையில் கொடுத்தேன். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. எழுபத்தெட்டு என்று படித்தார். "இந்த நாடாவுக்குத் தலை கிடையாது டாக்டர், ஒண்ணு கழிக்கணும், எழுபத்தேழு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செங்கல்லையும் சொன்னேன். தம்பிக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொன்னேன். அதை மறைக்கலாமா என்று வாய்வரை வந்தது, மறைக்கவில்லை. எனக்கும் பத்து நாளாகத் தெரியும், வாசல்வரை வந்து திரும்பிப் போனேன் என்றும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. வரைபடத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். "எத்தனை படுக்கை போச்சு?" என்றார்.

"மூணு."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதினெட்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்திருந்தது. தாளையும் பேனாவையும் என் கையில் வைத்து, "யார் பேரை அடிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவரே அதை வாங்கிக்கொண்டார்.

என்னோடு லிஃப்டில் கீழே இறங்கினார். வாசலில் நின்று, "வேற இடம் தேட எனக்கு நேரமில்லை. அங்க காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க விலையைக் குறைச்சாலும் அதுல எனக்கு ஒரு படுக்கை வராது" என்றார். அப்புறம், "அளங்க. ரெண்டு பேரா அளங்க. என் கண்ணு முன்னாடி அளங்க. ஒரு ஆள் அளந்ததை இனிமே நான் எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

அவர் போன பிறகு மேலே என் அறைக்கு வந்தேன். நான்காவது மாடியில் பாதி மொட்டைமாடி, மிச்சத்தில் லிஃப்ட் மோட்டார் அறை, அது போக என் அறை. அதைக் காலடி வைத்து அளந்தேன். என் கட்டில், அப்பாவின் அலமாரி, அடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இரண்டு படுக்கை போடலாம். மூன்று வராது. இரண்டு வரும். உடனே போன் செய்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஒரு வருடம் இருந்துகொள்கிறேன் என்ற பேச்சு இனி இல்லை.

எனக்கென்ன, ஒரு ஆள். எங்காவது இருந்துகொள்வேன்.

ஆசிரியர் வந்த அன்று நீ உள்ளே இருந்தாய் என்பது எனக்குத் தெரியும். வரைபட அறை வாசலில் உன் செருப்பு கிடந்தது. நீ வருவாய் வருவாய் என்று அவரை நிறுத்தி வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டேன்.

இருபத்தேழாம் தேதி காலையிலேயே வந்துவிடு. முனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 3

தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா?

இரண்டு நாள் இங்கே இருந்தாய். நாம் பேசியதை எண்ணிப் பார்த்தேன். வந்தாயா, வந்தேன், சாப்பிட்டாயா, ஆச்சு. மற்றதெல்லாம் "ஒண்ணு போச்சு"தான். நாற்பத்தோரு தடவை கத்தினாய். காலி ஹாலில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. மூன்றாவது மாடியில் உன் குரல் கட்டிவிட்டது, நான் கவனித்தேன். "ஏன் ஒவ்வொரு தடவையும் கத்துறாரு? ஒரு தடவை சொன்னா போதாதா?" என்று டாக்டர் கேட்டார். "மறந்துடுவோம் டாக்டர்" என்று சொன்னாயே, அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் தன் நோட்டை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். நீ பார்த்திருக்க மாட்டாய். நாடாவின் முனையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக் குனிந்திருந்தாய்.

பதிவு முடிந்து நீ நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். இருபத்து மூன்று படுக்கை. பன்னிரண்டு பேருக்கு இடம் உண்டு, ஆறு பேருக்கு இல்லை. யார் அந்த ஆறு பேர் என்று அவரே முடிவு செய்திருந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள், கொஞ்சம் நடக்க முடிகிறவர்கள். "போன் நான் பண்றேன் டாக்டர்" என்றேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார்.

ஆறு பேருக்கும் நான்தான் சொன்னேன். கட்டிடத்தை விற்றவள் பேசுகிறேன், அளவில் ஆறடி தப்பு செய்துவிட்டோம், உங்களோடு சேர்த்து ஆறு பேருக்கு இப்போது இடம் இல்லை என்றேன். ஒருவர் திட்டினார். ஒருவர், "பரவாயில்லைம்மா, எங்களுக்கு எல்லாம் நேரா நடந்தாத்தான் ஆச்சரியம்" என்றார். பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் சிரித்துவிட்டு, "ஆறடிக்காக ஆறு பேரா?" என்றார். அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் போனைப் பிடித்தபடி இருந்தோம். தையல்கார அம்மா கடைசி. "நான் அங்க கண்டக்டர்கிட்ட சொல்லிட்டேனே, இனிமே வர மாட்டேன்னு" என்று மட்டும் சொன்னார்.

பதினொரு பேரை அனுப்பியபோதுகூட எனக்குக் கண் கலங்கவில்லை. அன்றைக்கு உன்மேல் கோபம் இருந்தது, அது தாங்கிப் பிடித்தது. இப்போது யார்மேல் கோபப்பட?

யாருக்காவது இடம் காலியானால் முதலில் அந்த அம்மாவுக்குத்தான் என்று டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். இடம் எப்படிக் காலியாகும் என்று நான் கேட்கவில்லை.

இருபதாம் தேதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டேன். எங்கே போவது என்று இன்னும் பார்க்கவில்லை. 'ஒரு நிமிஷம்' இரண்டு இடம் காட்டினார், இரண்டிலும் ஜன்னல் இல்லை. நீ இங்கே விட்டுப்போன சீலை உடைத்துவிட்டேன். நாடாவை என்ன செய்யட்டும்? தூக்கிப் போட மனம் வரவில்லை. உனக்கு வேண்டுமா?

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

உட்கார இடம் கிடைத்தது. ஒரு வயசாளி ஏறினார், கொடுத்துவிட்டேன். மிச்ச வழி முழுக்க அந்த ஆறு பேரைப் போலவே நின்றுகொண்டு வந்தேன். அப்போது அது எனக்குத் தெரியாது, உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தையல்கார அம்மா போகும் ஊர் இங்கிருந்து பக்கம்தான். அந்தப் பஸ் எங்கள் கடை வாசல் வழியாகத்தான் திரும்புகிறது. அவர் எந்தக் கிழமை வருவார் என்று டாக்டரிடம் கேட்டு எழுது. கடையில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கிறது. அந்த டிரைவரை எனக்குத் தெரியும், அந்த அம்மா திரும்பும்போது உட்கார அவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுத் தருகிறேன். இதெல்லாம் ஒரு ஈடா என்று கேட்பாய். இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஆசிரியர் வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. போடுவேன்.

நாடாவைத் தூக்கிப் போடாதே, கையோடு கொண்டு வா.

என் அறை பதினொன்றுக்கு ஒன்பது. ஒரு ஜன்னல் இருக்கிறது, கண்ணாடி நானே வெட்டிப் போட்டது. இன்றைக்கு மேசையை வெளியே எடுத்துவிட்டு, இரண்டாவது கட்டில் போட முடியுமா, போட்டால் கதவு திறக்குமா என்று அளந்து பார்த்தேன். என்னிடம் இருப்பது தலை உள்ள முழு நாடாதான். இருந்தாலும் பழக்க தோஷம், ஒரு அடி கழித்துப் பார்த்தேன். அப்போதும் இடம் இருக்கிறது.

தம்பி